ஊசிக்குக் காதா, கண்ணா?

ஊசியில் நூல் கோக்கிற ஓட்டைக்கு நம்ம ஊர்ல பேர் காது. பட்டினத்தாரைத் துறவுக்கு அனுப்பியதாகச் சொல்லப்படும் அந்த ஊசிகூட காது இல்லாத ஊசிதான். ஜெர்மன்காரர்களும் நம்ம கட்சி, அவங்க ஊசிக்கும் காதுதான். ஆங்கிலேயருக்கோ அதே ஓட்டை கண்ணாகத் தெரிஞ்சிருக்கு. ஒரே ஓட்டை, பார்க்கிறவன் பார்வையில் ஒரு ஊர்ல காது, இன்னொரு ஊர்ல கண்!

ஆங்கிலத்தில் கண்ணுக்கு ஈ, ஒய், ஈ என்று மூணே எழுத்து. சொல்லும்போது ஒரே ஒரு உயிரெழுத்து, ‘ஐ’. ஆனா அகராதியில் அந்தப் பக்கத்தைத் திறந்தால், பார்க்கிற கண்ணைவிடப் பார்க்காத கண்ணுங்கதான் அதிகம். ஊசிக்குக் கண், புயலுக்குக் கண், உருளைக்கிழங்குக்குக் கண், கொக்கி மாட்டுற வளையத்துக்குக் கண். இது போக, வெளியே தெரியாம வேற சொற்களுக்குள்ள ஒளிஞ்சிருக்கிற கண்களும் உண்டு. எனக்குப் பிடிச்சது இந்த ஒளிஞ்சிருக்கிற கோஷ்டிதான். ஒவ்வொண்ணுக்குப் பின்னாலும் யாரோ கப்பல்ல வந்த கதை இருக்கு, யாரோ செத்த கதையோ பிழைச்ச கதையோ இருக்கு. கொஞ்சம் நீளமான பதிவு, பொறுத்துக்குங்க :-)

மீனாட்சியும் ஆங்கிலக் கண்ணும்

முதல்ல சொல்லோட பூர்வீகம். ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய பழைய ஆங்கிலத்தில் இது ‘ஏஅகெ’. ஜெர்மனில் ‘ஔகெ’, வடதிசை வைக்கிங்குகளின் மொழியில் ‘அவுகா’, லத்தீனில் ‘ஓகுலுஸ்’, சமஸ்கிருதத்தில் ‘அக்ஷி’. இதெல்லாம் ஒரே வேரில் கிளைச்ச சொற்கள் என்பது மொழியியலாளர்கள் பொதுவாக ஏத்துக்கிட்ட விஷயம். அதாவது மீனாட்சி, காமாட்சி, விசாலாட்சி என்று நாம கூப்பிடும்போது கடைசியில் வருகிற ‘ஆட்சி’ இருக்கு பாருங்க, அதுவும் ஆங்கில ‘ஐ’யும் தூரத்துச் சொந்தம். மதுரையில் நடக்கிறது மீனாட்சியோட ஆட்சி என்று சொல்றவங்க சொல்லட்டும், சொல்லுக்குள்ளே இருக்கிறது மீன் போன்ற கண்தான்.

பழைய ஆங்கிலத்தில் கண்ணுக்குப் பன்மை ‘ஏஅகன்’. பதினாலாம் நூற்றாண்டில் சாஸர் காலத்திலும் ‘ன்’ போட்டுத்தான் பன்மை. ஷேக்ஸ்பியர்கூட எதுகை கிடைக்காத இடத்தில் ‘ஐன்’ என்று பழைய பன்மையை எடுத்துப் போட்டுக்குவார். அப்புறம் எல்லாப் பன்மையும் ‘ஸ்’ பக்கம் போக, கண்ணும் கூட்டத்தோட போயிடுச்சு. ஆக்ஸன் என்று எருதுகள் மட்டும் இன்னமும் பழைய பன்மையைச் சுமந்துக்கிட்டு நிக்குதுங்க.

இடையில் ஒரு பொய்க்கண்ணையும் சொல்லிடறேன். இங்கிலாந்தில் சஃபோக் பகுதியில் ‘ஐ’ என்றே ஒரு ஊர் இருக்கு. அதே மூணு எழுத்து, அதே உச்சரிப்பு. ஊருக்குக் கண்ணுன்னு பேர் வெச்சிருக்காங்களேன்னு வியக்க வேண்டாம். அது பழைய ஆங்கிலத்தில் தீவைக் குறிக்கிற வேற சொல். சதுப்பு நிலத்து நடுவே மேடா இருந்த இடம் என்பதால் அந்தப் பேர். ஜெர்சி, கெர்ன்சி தீவுகளோட கடைசி அசையும், லண்டன் பேட்டர்சியோட கடைசி அசையும் தீவு வகையறாதான். ஒரே மாதிரி ஒலிக்கிறதெல்லாம் ஒரே வேர்னு நம்ம ஆட்கள் சிலர் பதிவு போடும்போது எனக்கு இந்த ஊர்தான் ஞாபகம் வரும்.

காற்றின் கண்

ஒளிஞ்சிருக்கிற கண்களில் பெரியது ஜன்னல். ஆங்கில ‘விண்டோ’ சொந்த ஊர்ச் சொல் கிடையாது. 793இல் லிண்டிஸ்ஃபார்ன் மடத்தைச் சூறையாடியதில் ஆரம்பிச்சு, வைக்கிங்குகள் அலை அலையாக வந்து, கடைசியில் இங்கிலாந்தின் வடக்கிலும் கிழக்கிலும் குடியேறியே விட்டார்கள். அவங்களோட வந்த சொல் ‘விண்டவுகா’. விண்ட் என்றால் காற்று, அவுகா என்றால் கண், ஆக காற்றின் கண். கண்ணாடி போடாத வெறும் திறப்பு, அதில் வெளிச்சத்தோடு சேர்ந்து குளிர்காற்றும் உள்ளே வரும். பேரே அதன் விலாசம்.

அதுக்கு முன்னாடி ஆங்கிலேயருக்கு ஜன்னலே கிடையாதா? இருந்தது. அவங்க அதுக்கு ‘ஏஅக்திர்ல்’ என்று பேர் வெச்சிருந்தாங்க, அதாவது கண்-துளை. ‘ஏஅக்துரு’ என்றும் சொன்னாங்க, அது கண்-கதவு. பதிமூணாம் நூற்றாண்டில் காற்றுக்கண் ஆங்கில எழுத்தில் தலைகாட்டுது. லத்தீன் வழியாக வந்த ‘ஃபெனஸ்டர்’ சில நூற்றாண்டு போட்டி போட்டுப் பார்த்துட்டு ஒதுங்கிடுச்சு. கண்-துளை செத்தே போச்சு. ஆனா அதோட தம்பி பிழைச்சுக்கிட்டான், மூக்குத் துளை! இன்றைய ‘நாஸ்ட்ரில்’ என்பது மூக்கு + திர்ல் (துளை). கண்ணில் போன துளை மூக்கில் நிக்குது.

உலகம் முழுக்க ஜன்னலைப் பார்த்தவங்களுக்குக் காற்றோ கண்ணோதான் தோணியிருக்கு. ஸ்பானிய ‘வென்தானா’வுக்குள்ளே காற்று இருக்கு. சமஸ்கிருத ‘கவாட்சம்’ பசுவின் கண். நம்ம சிலப்பதிகாரத்தில் புகார் நகர மாளிகை ஜன்னல்கள் மானின் கண் போல இருந்ததாக இளங்கோ சொல்கிறார். அங்கே அவர் ஜன்னலுக்குப் பயன்படுத்துகிற சொல் காலதர். கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி. வைக்கிங்கு காற்றுக்குக் கண் வெச்சான், தமிழன் காற்றுக்கு வழி விட்டான்.

சரி, அந்தக் காலதர் எங்கே போச்சு? ஆங்கிலக் கண்-துளைக்கு நேர்ந்த அதே கதிதான். நாம இன்னைக்குச் சொல்ற ‘ஜன்னல்’ போர்ச்சுகீசிய ‘ஜனேலா’. 1498இல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டுக்கு வந்த பிறகு அலமாரி, சாவி, மேசை என்று கப்பலில் வந்திறங்கிய சொற்களோடு அதுவும் வந்தது. அங்கே வைக்கிங்கு, இங்கே போர்ச்சுகீசியன். ரெண்டு இடத்திலும் கடல் வழியா வந்தவன் வீட்டு ஜன்னல் பேரை மாத்திட்டுப் போயிருக்கான். கோட்டையைப் பிடிச்சதைச் சரித்திரப் புத்தகத்தில் எழுதறாங்க, ஜன்னலைப் பிடிச்சதை யாரும் எழுதறதில்லை.

பூவிலும் பீப்பாயிலும்

டெய்ஸி என்கிற பூவைக் கதைகளில் படிச்சிருப்பீங்க. வெள்ளை இதழ், நடுவில் மஞ்சள் பொட்டு. அது பழைய ஆங்கிலத்தில் ‘டையஸ் ஏஅகெ’, பகலின் கண். பொழுது விடிஞ்சா விரியும், சாய்ஞ்சா மூடிக்கும். ஆயிரம் வருஷம் வாயில் உருண்டு உருண்டு, பகலும் கண்ணும் ஒட்டி ஒரே சொல்லாயிடுச்சு.

அடுத்தது ‘அலேஜ்’ என்று ஒரு சொல். ஒயின் வியாபாரிகளுக்கும் ராக்கெட் ஆட்களுக்கும் மட்டும் பழக்கம். ஒயின் பீப்பாயில் ஊத்துறதுக்கு ஒரு துளை உண்டு, பிரெஞ்சுக்காரர்கள் அதைக் கண் என்றார்கள். பீப்பாய் மரத்து வழியா ஒயின் கொஞ்சம் கொஞ்சமா ஆவியாகும், மேலே காலி இடம் விழும். அந்தக் குறையைக் கண் மட்டம் வரைக்கும் நிரப்புற வேலைக்குப் பேர் ‘கண்ணிடுதல்’ என்கிற மாதிரி ஒரு வினைச்சொல். போர்தோ வட்டாரம் 1453 வரைக்கும் ஏறத்தாழ மூணு நூற்றாண்டு இங்கிலாந்து அரசர்கள் கையில் இருந்தது. ஒயின் கப்பல் கப்பலாகப் போனது, கூடவே பீப்பாய்ச் சொல்லும் போனது. ஆங்கிலத்தில் அது பீப்பாயின் காலி இடத்தைக் குறிக்க ஆரம்பிச்சுது. இன்னைக்கு ராக்கெட் எரிபொருள் தொட்டியில் திரவத்துக்கு மேலே இருக்கிற காலி இடத்துக்கும் அதே பேர்தான். எடையற்ற நிலையில் மிதக்கிற எரிபொருளைத் தொட்டியின் அடியில் தள்ளி உட்கார வைக்க, நிலாவுக்குப் போன சாட்டர்ன் 5 ராக்கெட்டில் தனியா ‘அலேஜ்’ மோட்டார்களே இருந்தன. ஒயின் பீப்பாயின் கண் எங்கே போய்த் திறந்திருக்கு பாருங்க!

‘புல்ஸ் ஐ’ நமக்குக் குறிபார்த்து அடிக்கிற வட்டத்தின் நடுப்புள்ளியாகத்தான் தெரியும். நேர்ப்பொருள் காளையின் கண். இலக்கு வட்டத்துக்கு அந்தப் பேர் வந்தது பத்தொன்பதாம் நூற்றாண்டில். அந்தக் காலக் கண்ணாடித் தயாரிப்பிலும் இதே பேர் உண்டு. உருகிய கண்ணாடியை இரும்புக் கம்பி நுனியில் வெச்சு வேகமாச் சுத்துவாங்க, தோசை மாதிரி விரியும். கம்பி ஒட்டின நடுப்பகுதி மட்டும் தடிச்சு முண்டா நிக்கும். அதுதான் காளைக்கண். அதன் வழியாப் பார்த்தா ஒண்ணும் சரியாத் தெரியாது. அதனால் மலிவு விலையில் குதிரை லாயத்துக்கும் பரணுக்கும் போட்டாங்க. பின்னாளில் அதுவே பழமையின் அழகு என்று காசு கொடுத்து வாங்குற பொருளாயிடுச்சு. தமிழில் நாம பொருளுக்கே கண்ணாடின்னு பேர் வெச்சுட்டோம், தனியாக் கண் தேட வேண்டியதில்லை.

உயிரைக் காப்பாற்றிய கண்

இனி நான் சொல்ல வந்த முக்கியமான கண்.

உருளைக்கிழங்கில் முளை விடுற குழிக்கு ஆங்கிலத்தில் கண். நாமும் அப்படித்தான் சொல்றோம். தேங்காய்க்கு மூணு கண், அதில் ஒண்ணு வழியாத்தான் முளை வெளியே வரும். லத்தீனிலும் செடியின் மொட்டுக்குக் கண் என்றே பேர். ஒரு செடியின் மொட்டைச் சீவி எடுத்து, இன்னொரு செடியின் பட்டையைக் கீறி உள்ளே செருகிக் கட்டுவாங்களே, ரோஜாவுக்கு நம்ம தோட்டக்காரங்க செய்யற வேலை, அதுக்கு லத்தீனில் ‘இன்ஓகுலாரே’, அதாவது உள்ளே கண் வைப்பது. பதினஞ்சாம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு ‘இனாகுலேட்’ என்று வந்தபோது அது சுத்தமான தோட்டக்காரச் சொல். மருத்துவத்துக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லை.

அப்போ பெரியம்மை ஐரோப்பாவைத் தின்னுக்கிட்டிருந்தது. பிழைச்சவங்க முகமெல்லாம் தழும்பு. பலருக்குப் பார்வை போயிடும். லேடி மேரி வோர்ட்லி மாண்டகு என்கிற ஆங்கிலச் சீமாட்டியின் தம்பி 1713இல் அம்மையில் செத்தார். 1715இல் அவருக்கே அம்மை கண்டது. பிழைச்சார், ஆனா முகத்தில் தழும்பு, கண்ணில் இமைமுடி ஒண்ணுகூட மிஞ்சலை.

அவர் கணவர் துருக்கிக்குத் தூதராகப் போனார், இவரும் கூடவே போனார். அங்கே கிழவிகள் சிலர் ஒரு வேலை செய்யறதைப் பார்த்தார். லேசான அம்மை கண்டவரின் கொப்புளத்திலிருந்து துளி எடுத்து, நல்லா இருக்கிற பிள்ளையின் தோலைக் கீறி உள்ளே வெச்சுக் கட்டறாங்க. பிள்ளைக்குச் சில நாள் காய்ச்சல், கொஞ்சம் கொப்புளம், அவ்வளவுதான், பிறகு வாழ்நாளுக்கும் அம்மை வராது. 1717இல் தோழிக்கு எழுதிய கடிதத்தில் அவர் இதைச் செடிக்கு ஒட்டுப் போடுகிற சொல்லால்தான் குறிப்பிடுகிறார். கீறி, உள்ளே வைத்து, கட்டுவது, பார்த்த கண்ணுக்கு அது தோட்ட வேலையாகவே தெரிஞ்சிருக்கு. 1718இல் தன் மகனுக்கே செய்துகொண்டார். 1721இல் லண்டனில் அம்மை பரவியபோது, மருத்துவர்கள் முன்னிலையில் மகளுக்கும் செய்ய வைத்தார்.

சும்மா விடுவாங்களா? கடவுள் காரியத்தில் கை வைக்கிறதான்னு ஒரு கூட்டம். நாட்டு மருத்துவக் கிழவிகள் வித்தையை லண்டன் டாக்டர் படிக்கறதான்னு இன்னொரு கூட்டம். அந்த வருஷம் ஆகஸ்டில் நியூகேட் சிறையில் தூக்குக்குக் காத்திருந்த ஆறு கைதிகளிடம் பேரம் பேசினார்கள், இதைச் செய்துகொண்டால் விடுதலை. ஆறு பேரும் பிழைத்தார்கள், ஆறு பேரும் வீட்டுக்குப் போனார்கள். 1722இல் இளவரசி கரோலின் தன் ரெண்டு பெண்களுக்கும் செய்துவிட்டார். இன்னைக்கு நாம அதை மருத்துவ ஆராய்ச்சி நெறிமுறைன்னு சொல்ல முடியுமா? கழுத்தில் கயிறு இருக்கிறவன்கிட்ட சம்மதம் கேட்பது என்ன சம்மதம்?

அதே 1721இல் அட்லாண்டிக்குக்கு அந்தப் பக்கம் பாஸ்டனிலும் அம்மை. அங்கே காட்டன் மாத்தர் என்கிற பாதிரியாருக்கு இந்த வித்தையைச் சொல்லிக் கொடுத்தவர் ஒனேசிமஸ், அவர் வீட்டில் அடிமையாக இருந்த ஆப்பிரிக்கர். எங்க ஊர்ல எனக்குச் செய்திருக்காங்க, எனக்கு அம்மை வராது என்று கையில் இருந்த தழும்பைக் காட்டியிருக்கார். அதை நம்பி பாய்ல்ஸ்டன் என்ற மருத்துவர் ஊரில் ஏறக்குறைய 240 பேருக்குச் செய்தார், அதில் 6 பேர் இறந்தார்கள். செய்துகொள்ளாமல் அம்மை கண்டவர்களில் கிட்டத்தட்ட ஏழு பேருக்கு ஒருவர் வீதம் போனார்கள், ஊரில் மொத்தச் சாவு 844. இத்தனைக்கும் நடுவே மாத்தர் வீட்டுக்குள் ஒருத்தன் வெடிகுண்டு வீசினான், நல்லவேளை அது வெடிக்கலை. ஒரு அடிமையின் அறிவு எண்களோடு சேர்ந்து நிரூபணமான சம்பவம் அது. கணக்குப் புத்தகத்தில் பாய்ல்ஸ்டன் பேர் ஏறிய அளவுக்கு ஒனேசிமஸ் பேர் ஏற ரொம்ப நாளாச்சு.

நம்ம பக்கத்திலும் இது இருந்தது. வங்காளத்தில் டீக்காதார்கள் வீடு வீடாகப் போய் அம்மை குத்துவதை ஹால்வெல் என்கிற கம்பெனி மருத்துவர் பார்த்து, 1767இல் லண்டன் மருத்துவர்களுக்கு விளக்கி எழுதியிருக்கிறார்.

துருக்கிக் கிழவி, ஆப்பிரிக்க அடிமை, வங்காள டீக்காதார். இவங்க செய்த வேலைக்கு ஆங்கிலத்தில் பேர் வைக்க வேண்டி வந்தப்போ, தோட்டத்திலிருந்து ‘இனாகுலேட்’டை எடுத்துக்கிட்டாங்க. உடம்புக்குள்ளே கண் வைப்பது. 1796இல் ஜென்னர் பசு அம்மையை வெச்சு இன்னும் பத்திரமான வழி கண்டுபிடிச்சார், பசுவின் லத்தீன் பேரிலிருந்து ‘வாக்ஸின்’ வந்தது. இந்தியாவில் கடைசிப் பெரியம்மை 1975இல், உலகத்திலிருந்தே ஒழிந்ததாக அறிவித்தது 1980இல். எத்தனை பேரோட கண்ணைக் கெடுத்த நோய்! அதை விரட்டின வேலையின் பேருக்குள்ளே ஒரு கண் உட்கார்ந்திருக்கு. அதனால அந்தச் சொல்லை ஆங்கிலத்தில் எழுதும்போது ரெண்டு ‘என்’ போடாதீங்க மக்களே. இன் + ஓகுலுஸ், ஒரு ‘என்’ போதும்.

பாப்பா யாரு?

கண்ணுக்கு நடுவில் இருக்கிற கருவட்டத்துக்கு ஆங்கிலத்தில் ‘ப்யூபில்’. லத்தீனில் அதுக்குச் சின்னப் பெண், பொம்மை என்று அர்த்தம். எதிரே இருக்கிறவர் கண்ணுக்குள்ளே உத்துப் பாருங்க, உங்க உருவமே குட்டிப் பொம்மையாத் தெரியும். நம்ம ஆட்களும் அதையேதான் பார்த்திருக்காங்க, கண் பாப்பா, கண் பாவை. பாவைன்னாலே பொம்மைதானே? திருவள்ளுவர் காதலியின் இடத்தை ஒழிக்கிறதுக்காகக் கண்மணிக்குள்ளே இருக்கிற பாவையை வீட்டைக் காலி பண்ணச் சொல்லுவார். ரோமாபுரிக்காரனும் நம்மாளும் பேசி வெச்சுக்கலை, ரெண்டு பேரும் பக்கத்தில் உட்கார்ந்து கண்ணைப் பார்த்திருக்காங்க, அவ்வளவுதான்.

ஆங்கிலேயர் மட்டும் முதலில் அங்கே ஆப்பிளைப் பார்த்தார்கள். கருவட்டம் ஒரு கெட்டி உருண்டைன்னு அப்போ நினைப்பு, அதனால் கண்ணின் ஆப்பிள். ஒன்பதாம் நூற்றாண்டில் ஆல்ஃபிரட் அரசர் காலத்து மொழிபெயர்ப்பிலேயே அது இருக்கு. ஹீப்ரு பைபிளில் உபாகமத்தில் வருவதோ கண்ணின் குட்டி மனிதன், மறுபடியும் நம்ம பாப்பா கதை. 1611இன் ஆங்கில பைபிள் அந்தக் குட்டி மனிதனை ஆப்பிளாக்கிடுச்சு. தமிழ் பைபிளில் அது கண்மணி. மொழிபெயர்ப்புன்னா எப்படி இருக்கணும்னு கேட்டா நான் இந்தச் சொல்லைத்தான் காட்டுவேன்.

பார்க்க மறுத்த கண், தூங்காத கண்

கண்டுங்காணாம இருக்கிறதுக்கு ஆங்கிலத்தில் ‘குருட்டுக் கண்ணைத் திருப்புவது’. கதாநாயகன் நெல்சன். 1794இல் கார்சிகாவில் கால்வி முற்றுகையில் வலது கண் பார்வை போச்சு. 1801 ஏப்ரல் 2, கோபன்ஹேகன் கடற்போர். சண்டை கடுமையானதைப் பார்த்து, தூரத்தில் நின்ற தலைமைத் தளபதி ஹைட் பார்க்கர் சண்டையை நிறுத்தச் சொல்லி 39ஆம் எண் கொடியை ஏத்தினார். நெல்சன் பக்கத்தில் இருந்த கேப்டனிடம், எனக்கு ஒரே கண்தான், சில நேரம் குருடாக இருக்கிற உரிமை உண்டு என்கிற மாதிரி சொல்லிட்டு, தொலைநோக்கியைக் குருட்டுக் கண்ணில் வெச்சு, கொடி எதுவும் தெரியலையே என்றாராம். கப்பலில் கூட இருந்த ஸ்டூவர்ட் என்ற ராணுவ அதிகாரி எழுதி வெச்ச கதை இது. சண்டை நெல்சன் பக்கம் முடிஞ்சுது. பார்க்கரைத் திருப்பி அழைச்சு, தலைமையை நெல்சனிடம் கொடுத்தாங்க.

ஆனா ஒண்ணு, இந்தச் சொல்வழக்கு நெல்சன் கண்டுபிடிச்சது இல்லை. அவருக்கு நூறு வருஷம் முன்னாடியே எழுத்தில் இருக்கு. இருந்த சொல்லுக்கு அவர் ஒரு உடம்பு கொடுத்தார். ஜெயிச்சதால் அது வீரம். தோத்திருந்தா ராணுவ விசாரணை.

இதுக்கு நேர் எதிர் தூங்காத கண். 1850 வாக்கில் சிகாகோவில் ஆலன் பிங்கர்டன் துப்பறியும் நிறுவனம் தொடங்கினார். அதன் சின்னம் அகலத் திறந்த ஒரு கண், கீழே நாங்கள் தூங்குவதில்லை என்கிற பொருளில் வாசகம். தனியார் துப்பறிவாளருக்குத் தனிக் கண் என்று பேர் வர இந்தச் சின்னமும் ஒரு காரணம் என்பார்கள். புலனாய்வாளரின் ஆங்கில முதல் எழுத்தும் ‘ஐ’தான், அதுவும் தோதாப் போச்சு. கதைப் புத்தகத்தில் தனிக் கண் நல்லவன். சரித்திரத்தில்? 1892இல் ஹோம்ஸ்டெட் என்ற ஊரில் கார்னகியின் எஃகு ஆலையில் தொழிலாளர் போராட்டம். முதலாளி தரப்பு 300 பிங்கர்டன் ஆட்களை ஆற்று வழியே படகில் இறக்கியது. ஜூலை 6 அன்று நாள் முழுக்கத் துப்பாக்கிச் சண்டை, ரெண்டு பக்கமும் உயிர் போச்சு. தூங்காத கண் யாருக்காகத் தூங்காம இருக்குங்கறதுதானே கேள்வி?

நல்ல காரியத்துக்குத் தூங்காத கண்ணும் உண்டு, பூனைக்கண். ராத்திரியில் சாலை நடுவே வண்டி வெளிச்சம் பட்டு மினுங்குமே, அந்தக் கண்ணாடிக் குமிழ்களின் தாத்தா. யார்க்‌ஷயரில் ஹாலிஃபாக்ஸ் ஊரைச் சேர்ந்த பெர்சி ஷா 1934இல் காப்புரிமை வாங்கினார். வண்டிச் சக்கரம் ஏறும்போது குமிழ் உள்ளே அமுங்கும், ரப்பர் அதைத் துடைக்கும், தேங்கின மழைத் தண்ணி கழுவி விடும். பூனைக்கு மாதிரியே இமை வெச்சு செஞ்சிருக்கார் மனுஷன். ரெண்டாம் உலகப்போரில் குண்டுவீச்சுக்குப் பயந்து விளக்கெல்லாம் அணைச்சபோது, இந்தக் கண்கள்தான் வழி காட்டின.

புயலின் கண் மட்டும் நம்பக்கூடாத கண். சுழன்றடிக்கிற காற்றுக்கு நடுவே, பெரும்பாலும் 30 முதல் 65 கிலோமீட்டர் அகலத்துக்கு, காற்று கீழ் நோக்கி இறங்குகிற அமைதியான வட்டம். மேகம் விலகும், மழை நிக்கும். புயல் போயிடுச்சுன்னு வெளியே வருவாங்க. கொஞ்ச நேரத்தில் மறு சுவர் வந்து எதிர்த்திசையிலிருந்து அடிக்கும். 2016 டிசம்பர் 12 வர்தா சென்னையில் கரை கடந்தபோது இடையில் ஓய்ஞ்ச நேரத்தை அனுபவிச்சவங்க இதைப் படிச்சா தலையாட்டுவீங்க. ‘சைக்ளோன்’ என்ற சொல்லை 1848இல் உருவாக்கிய பிடிங்டன் கல்கத்தாவில் இருந்தவர். கிரேக்கத்தில் வட்டம், பாம்பின் சுருள் என்கிற சொல்லிலிருந்து எடுத்தார். பாம்புக்கு நடுவில் கண்!

மெட்ராஸ் ஐ

ஆங்கிலத்தில் போலி நடவடிக்கைக்குக் கண் கழுவும் நீர்னு பேர், தமிழில் கண்துடைப்பு. அவலட்சணத்துக்கு அங்கே கண்ணுக்குப் புண், இங்கே கண்ணராவி. இப்படிச் சொல்லுக்குச் சொல் நம்மகிட்டே சரக்கு இருந்தும், ஒரே ஒரு இடத்தில் நாம ஆங்கிலக் கண்ணை அப்படியே வாங்கி வெச்சுக்கிட்டோம். மெட்ராஸ் ஐ.

லண்டன் மூர்ஃபீல்ட்ஸ் கண் மருத்துவமனை 1805இல் ஆரம்பிச்சது. நெப்போலியன் காலத்து எகிப்துப் போருக்குப் போன சிப்பாய்கள் கண்நோயோடு திரும்பி வந்தது அதுக்கு முக்கியக் காரணம். பதினாலே வருஷத்தில், 1819இல் சென்னையில் கண்ணுக்கென்று தனி ஆஸ்பத்திரி. இன்னைக்கு எழும்பூரில் இருக்கிற அரசு கண் மருத்துவமனை அதுதான். உலகத்தின் மிகப் பழைய கண் மருத்துவமனைகளில் ஒண்ணு. கண்ணை உத்துப் பார்க்கிற மருத்துவர்கள் இங்கே இருந்ததால், 1918இல் பரவின ஒரு சிவப்புக் கண் நோய் இங்கே அடையாளம் காணப்பட்டது, ஊர் பேரும் ஒட்டிக்கிச்சு. சென்னை கண்நோயை உற்பத்தி பண்ணின ஊர் என்கிற மாதிரி இந்தப் பேரைக் கேட்டுக் கூச்சப்படறவங்க உண்டு. எனக்கு அப்படித் தோணலை. பேர் யாருக்கு வரும்? முதல்ல பார்த்தவனுக்குத்தானே வரும்? 1996இல் ஊர் பேரைச் சென்னைன்னு மாத்தினப்போகூட, சென்னைக் கண்ணுன்னு யாரும் சொல்லலை.

காலதர் போச்சு, ஜன்னல் வந்தது. அந்த மாதிரி போகாம நம்மகிட்டே இன்னும் மிச்சமிருக்கிற கண்கள் நிறைய. ஊற்றுக்கண். மேட்டூரில் பதினாறு கண் மதகு. தேங்காய்க் கண். மத்தளத்தில் அடிக்கிற இடத்துக்கும் பழந்தமிழில் கண். இலக்கணத்தில் ஏழாம் வேற்றுமைக்குக் கண் என்றே ஒரு உருபு, இடம் என்று பொருள். உங்க ஊரில், உங்க அப்பா தாத்தா செய்த தொழிலில் வேற என்ன கண் எல்லாம் இருக்குன்னு சொல்லுங்க. தறி, மரவேலை, படகு, கிணறு, எதுவானாலும் சரி. அகராதியில் ஏறாத கண்ணா இருந்தா இன்னும் விசேஷம். கப்பல்ல இன்னொருத்தன் வந்து பேர் மாத்தறதுக்குள்ள எழுதி வெச்சுடுவோம் :-)